முறிந்த பூமைச் சரிசெய்தல்: ஒட்டுவது, மாற்றுவது, மறுபடி முறியாமல் பார்த்துக்கொள்வது

பாய்மரப் படகில் பூம் முறிந்ததும் "குழாய் பழசு, புதுசு போட்டால் சரியாகிவிடும்" என்றுதான் யாருக்கும் தோன்றும். பெரும்பாலும் குற்றம் குழாயில் இருக்காது. மெயின் பாயின் அடியை விரித்துப் பிடிக்கும் இந்த நீளக் குழாய் நல்ல உலோகம் இருக்கும் இடத்தில் முறிவது அபூர்வம். துளை போட்ட இடம், வளையம் மாட்டிய இடம், ஸ்டெயின்லெஸ் திருகு அலுமினியத்தை அரித்த இடம், இவற்றில் ஒன்றில்தான் போகும். அங்கே ஏன் அவ்வளவு சுமை ஏறியது என்று தெரியாமல் குழாயை மட்டும் மாற்றினால் புதுப் பூமும் அதே இடத்தில் முறியும். அதனால் ரிவெட் துப்பாக்கியை எடுப்பதற்கு முன் கொஞ்சம் கணக்கும் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில், கடலில் இருக்கும்போதே முறிந்தால் என்ன செய்வது.

கரை சேரும் வரை

மெயின் பாயை இறக்குவதுதான் முதல் வேலை. பாய் காற்றைப் பிடித்திருக்கும்வரை பூமின் பின்துண்டு, பாயை இழுத்துப் பிடிக்கும் ஷீட் கயிற்றில் தொங்கிக்கொண்டு தளத்தைச் சுற்றிச் சுற்றி அடிக்கும். முறிந்த அலுமினியத்தின் விளிம்பு கத்தி மாதிரி. பாயையும் கிழிக்கும், கையையும் கிழிக்கும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். பாய் இறங்கியதும் இரண்டு துண்டுகளையும் தளத்தில் கட்டிப்போட்டு, முறிந்த வாய்களில் துணியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். இன்ஜினை ஓட்டுவதற்கு முன் படகைச் சுற்றி ஒருமுறை பாருங்கள். தண்ணீரில் தொங்கும் ஒரு கயிறு புரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டால் ஒரு பிரச்சினை இரண்டாகிவிடும்.

அதன்பின் முன்பாயை மட்டும் வைத்துப் போகலாம். ஆனால் காற்றை எதிர்த்து ஏற வேண்டியிருந்தால் மெயின் பாய் இல்லாமல் கஷ்டம். பூம் இல்லாமலும் அதைப் பயன்படுத்த ஒரு வழி உண்டு. பாயின் அடியைப் பூமின் காடியிலிருந்து (பாய் ஓடும் நீளப் பள்ளம்) உருவிவிட்டு, இரண்டாவது அல்லது மூன்றாவது ரீஃப் (பாயைச் சுருக்கும் படி) வரை சுருக்குங்கள். ரீஃப் கண்ணில், அதாவது அந்தப் படியில் பாயின் பின்விளிம்பில் இருக்கும் வளையத்தில், இரண்டு கயிறுகளைக் கட்டி, ஒன்றை இடது பின்மூலைக் கப்பிக்கும் மற்றொன்றை வலது பின்மூலைக் கப்பிக்கும் கொண்டுபோய் வின்ச்சில் (கயிற்றை இறுக்கும் உருளை) சுற்றுங்கள். முன்பாய் ஷீட் போலவே இயக்கலாம். காற்று முன்னிருந்தோ பக்கவாட்டிலோ வரும்வரை இது நன்றாகவே வேலை செய்யும். பின்காற்றில் பாய் விரியாது. அப்போது இறக்கிவிடுவதே மேல்.

பூமின் முன்பாதி முழுசாக இருந்தால் இன்னும் ஒரு வழி இருக்கிறது. ரீஃப் கண் முறிவுக்கு முன்னால் வரும் அளவுக்குப் பாயைச் சுருக்கினால், மிஞ்சிய முன்துண்டே குட்டிப் பூமாகிவிடும். ஷீட் வளையமும் அந்தத் துண்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். துடுப்பையோ ஸ்பின்னாக்கர் என்ற பெரிய முன்பாயின் கழியையோ அணைவாக வைத்துக் கட்டும் பழக்கமும் உண்டு. இருபுறமும் இரண்டு கழிகளை வைத்து, குழாய்க் கிளாம்ப் போட்டு, கயிற்றால் இறுக்கிச் சுற்றி, நடுவே ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் இறுகும். லேசான காற்றுக்குத் தாங்கும், அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

முறிந்த வாய் என்ன சொல்கிறது

கரைக்கு வந்ததும் இரண்டு துண்டுகளையும் நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் வைத்து வாயைப் பாருங்கள். பூமின் மேல்பக்கம் சுருங்கி மடிந்து, கீழ்ப்பக்கம் கிழிந்திருந்தால் அது செங்குத்துச் சுமையில் போயிருக்கிறது. பாயின் பின்விளிம்பு பூமின் கடைசி முனையை மேலே இழுக்கிறது. நடுவில் ஷீட்டோ, பூமைப் பாய்மரத்தின் அடியை நோக்கி இழுத்துப் பிடிக்கும் வாங்கோ கீழே இழுக்கிறது. முன்முனையை, பூமைப் பாய்மரத்தோடு இணைக்கும் கூஸ்நெக் என்ற மூட்டு பிடித்திருக்கிறது. ஆக, பூம் ஒரு கிண்ணம் மாதிரி வளையப் பார்க்கிறது. மேலே அமுக்கம், கீழே இழுவை.

பக்கவாட்டில் மடிந்திருந்தால் வேறு கதை. நடுப்பூமில் ப்ரிவென்டர் (பூம் மறுபக்கம் வீசாமல் தடுக்கும் கயிறு) கட்டியிருக்கும்போது தற்செயலாக ஜைப் ஆகியிருக்கலாம், அதாவது பின்காற்று பாயின் மறுபக்கம் பிடித்துப் பூமைத் தள்ளியிருக்கலாம். பின்காற்றில் ஓடும்போது படகு உருண்டு பூமின் முனை தண்ணீரில் முங்கியிருக்கலாம். முங்கிய முனையைத் தண்ணீர் பின்னுக்குத் தள்ளுகிறது, நடுவில் கட்டிய கயிறு முன்னுக்கு இழுக்கிறது. அந்தக் கயிறு இருந்த இடத்திலேயே குழாய் மடியும். படகின் பின்பக்கத்தைப் பார்க்கும் முகத்தில் மடிப்பு விழும்.

கிழிந்த விளிம்பின் நிறத்தையும் கவனியுங்கள். புதிதாகக் கிழிந்த அலுமினியம் வெள்ளி மாதிரி மின்னும். விளிம்பில் ஒரு பகுதி மட்டும் மங்கிச் சாம்பலாக இருந்தால் அந்த விரிசல் ரொம்ப நாளாகவே அங்கே இருந்திருக்கிறது. அந்தச் சாம்பல் பகுதியைப் பின்தொடர்ந்து போனால் பெரும்பாலும் ஒரு திருகுத் துளையில் போய் நிற்பீர்கள். துளையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் உப்புநீரில் சேர்ந்து செய்த வேலை அது. இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டு நடுவே உப்புநீர் நின்றால் கரைவது அலுமினியம்தான்.

இப்போது கணக்கு. 4 மீட்டர் பூம், 150 மில்லிமீட்டர் உயரமும் 100 மில்லிமீட்டர் அகலமும் உள்ள முட்டைவடிவக் குழாய், சுவர் 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கூஸ்நெக்கிலிருந்து 3.8 மீட்டரில் பாயின் மூலை 3000 நியூட்டன் விசையோடு, அதாவது ஏறக்குறைய 300 கிலோ எடைக்குச் சமமாக, மேலே இழுக்கிறது. ஷீட் நடுவில் 2.2 மீட்டரில் மாட்டியிருந்தால் அது சுமார் 5200 நியூட்டன் தாங்க வேண்டும். அந்த இடத்தில் வளைப்புத் திருப்பம் (விசையைத் தூரத்தால் பெருக்கியது) 4800 நியூட்டன் மீட்டர். குழாயின் மேல், கீழ் விளிம்புகளில் ஏறும் தகைவு, அதாவது உலோகத்தின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் விழும் விசை, ஏறக்குறைய 130 மெகாபாஸ்கல். 6063-டி6 அலுமினியம் வளைந்து நிலைத்துவிடும் எல்லை சுமார் 214, 6061-டி6க்குச் சுமார் 276. பரவாயில்லை, இடம் இருக்கிறது.

இப்போது ஷீட்டைத் தளர்த்தி, 1.2 மீட்டரில் இருக்கும் வாங் மட்டும் பிடித்திருப்பதாக நினையுங்கள். அதே 3000 நியூட்டனுக்கு வாங்கில் 9500, திருப்பம் 7800, தகைவு 210 மெகாபாஸ்கல். 6063 குழாயானால் எல்லையிலேயே நிற்கிறது. இதில் கீழ்ப்பக்கம் நடுக்கோட்டில் ஒரு திருகுத் துளை இருந்தால் துளையின் விளிம்பில் தகைவு ஏறத்தாழ மூன்று மடங்காகும். பூம் வாங் இடத்தில் முறிவது ஏன் இவ்வளவு சகஜம் என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. உங்கள் படகின் எண்கள் வேறாக இருக்கும். தூரங்களை அளந்து ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள். ஷீட்டைப் பூமின் கடைசியிலிருந்து நடுவுக்கு மாற்றிய பழைய படகுகளில் இந்தக் கணக்கு மிகவும் அவசியம். கடைசியில் ஷீட் பிடித்த காலத்துக்காகச் செய்த மெல்லிய குழாய் நடுப்பிடிப்பைத் தாங்காது.

ஒட்டலாமா, மாற்றணுமா

ஒரே இடத்தில் முறிவு, அதற்கு இருபுறமும் குழாய் நேராக, அரிப்பு இல்லாமல் இருந்தால் உள்குழாய் போட்டு, அதாவது முறிவின் இருபுறமும் போகும்படி உள்ளே இன்னொரு குழாய்த் துண்டைச் செருகி, ஒட்டலாம். இரண்டு இடத்தில் மடிப்பு, காடி நெடுக விரிந்துபோனது, வாங் பகுதியில் பல துளைகளுக்கு இடையே விரிசல், சுவர் குழிகுழியாக அரித்திருப்பது, இவற்றில் ஏதாவது இருந்தால் மாற்றிவிடுங்கள். வளைந்த பூமைத் தட்டி நிமிர்த்தும் யோசனையை விட்டுவிடுங்கள். சுவர் மடிந்த இடம் நேரானாலும் பழைய வலு வராது. அடுத்த சுமையில் அங்கேயே மடியும்.

வெல்டிங் பற்றி எல்லோரும் கேட்பார்கள். பூம் அலுமினியத்தின் வலு அதன் கலவையில் மட்டும் இல்லை, சூட்டில் பதப்படுத்திய முறையிலும் இருக்கிறது. வெல்டிங் சூடு பற்றவைத்த கோட்டிலிருந்து இருபுறமும் சுமார் 25 மில்லிமீட்டருக்கு அந்தப் பதத்தை அழித்துவிடுகிறது. அங்கே வளைவு எல்லை பாதிக்கும் கீழே இறங்கும். மேலே பார்த்த 130 மெகாபாஸ்கலே அப்போது ஆபத்தாகிவிடும். வெல்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதை மாற்ற முடியாது. முழுப் பூமையும் மறுபடி பதப்படுத்தும் உலை கிடைத்தால் ஒழிய, சுமை ஏறும் இடத்தில் வெல்டிங் வேண்டாம். முனை மூடிக்கு அருகே, சுமை குறைந்த இடத்தில் மட்டும் செய்யலாம்.

பிரித்தெடுப்பது

எதையும் கழற்றும் முன் போட்டோ எடுங்கள். உள்ளே ஓடும் ஒவ்வொரு கயிற்றின் முனையிலும் மெல்லிய தூதுக்கயிறு ஒன்றைத் தைத்துவிட்டு உருவுங்கள். அவுட்ஹாலுக்கு, அதாவது பாயின் பின்மூலையைப் பூமின் கடைசிக்கு இழுக்கும் கயிற்றுக்கு, பல பூம்களில் உள்ளேயே ஒரு கப்பித்தொகுதி இருக்கும். அது எங்கே நிற்கிறது, எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று குழாயின் வெளியே பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். உள்குழாய் போட்ட பிறகு அது இடிக்குமா என்று அப்போதுதான் தெரியும்.

முனைகளில் இருக்கும் ஸ்டெயின்லெஸ் திருகுகள் அசையாது. அவசரப்பட்டால் தலை வழுக்கிப் போகும். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊற விடுங்கள். மறுநாள் ஹீட் கன் வைத்துத் திருகைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குங்கள். தண்ணீர்த் துளி விழுந்தால் சீறும் அளவு போதும், அதற்கு மேல் வேண்டாம். தீ ஜுவாலை கூடவே கூடாது, பதம் போய்விடும். பிறகு சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவரைப் போட்டு அடியுங்கள். அடியும் திருப்பமும் சேரும்போதுதான் உப்புப் பிடிப்பு விடும். அதற்கும் மசியவில்லை என்றால் திருகின் தலையை மட்டும் ட்ரில் செய்து எடுத்துவிட்டு, முனை வார்ப்பைக் கழற்றியபின் மிஞ்சிய தண்டை வைஸ் கிரிப்பால் பிடித்துத் திருப்புங்கள். ரிவெட்டுகளை அதன் அளவு ட்ரில்லாலேயே தலையைக் குடைந்து, உள்ளே தட்டிவிடலாம்.

உள்குழாய் போட்டு ஒட்டுவது

உள்குழாய்க்குச் சிறந்த பொருள் அதே பூம் குழாயின் இன்னொரு துண்டு. ஆனால் அதே அளவுக் குழாய் அதற்குள்ளேயே நுழையாது. நீளவாக்கில் ஒரு கீற்றை அறுத்தெடுத்து, குழாயை இறுக்கிச் சுருக்கி நுழைக்க வேண்டும். கீற்றின் அகலத்துக்கு ஒரு சுலபக் கணக்கு: சுவர் தடிமனை 6.28 ஆல் பெருக்குங்கள். 3 மில்லிமீட்டர் சுவருக்குச் சுமார் 19. பசைக்கு இடம் விட இன்னும் 2 அல்லது 3 மில்லிமீட்டர் சேர்த்து 21, 22 என்று அறுங்கள். இந்த எண்ணுக்குக் குழாயின் உயரமோ வடிவமோ ஒரு பொருட்டல்ல. வட்டமானாலும் முட்டை வடிவமானாலும் தடிமன் மட்டும்தான் கணக்கு.

பாயின் அடிக்கயிறு ஓடும் காடி குழாயின் உள்ளே துருத்திக்கொண்டிருந்தால் ஒரே துண்டாக நுழைக்க முடியாது. காடியை முழுவதும் அறுத்தெறிந்துவிட்டு, அடியிலும் பிளந்து, இடம் வலம் என்று இரண்டு வளைதுண்டுகளாகச் செய்யுங்கள். அதே குழாய் கிடைக்காவிட்டால் 3 அல்லது 4 மில்லிமீட்டர் 6061 தகட்டை உருட்டி வளைத்துக்கொள்ளலாம். வேலை அதிகம், பொருத்தம் கொஞ்சம் குறையும்.

நீளம்: முறிவுக்கு ஒவ்வொரு பக்கமும் பூம் உயரத்தைப் போல மூன்று மடங்கு. 150 மில்லிமீட்டர் பூமுக்கு ஒரு பக்கம் 450, மொத்தம் 900. இதில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். உள்குழாய் சுமையைக் கடத்துவது பெரும்பாலும் ரிவெட்டால் அல்ல, குழாய்ச் சுவரை இறுக்கமாகத் தொட்டு அழுத்துவதால்தான். நீளம் கூடக்கூட அந்த அழுத்தம் குறையும். பொருத்தம் லொடலொடவென்று இருந்தால், ரிவெட் எத்தனை அடித்தாலும் கொஞ்ச நாளில் அத்தனையும் ஆட ஆரம்பிக்கும்.

உள்குழாயின் இரண்டு முனைகளையும் நேராக வெட்டாமல், மீன்வாய் மாதிரி வி வடிவில் 75 மில்லிமீட்டர் ஆழத்துக்கு வெட்டுங்கள். நேராக வெட்டினால் கெட்டியான பகுதி சட்டென்று முடிகிற அந்த வளையத்திலேயே அடுத்த முறிவு தொடங்கும். விளிம்புகளை அரத்தால் உருட்டிவிடுங்கள். உள்ளே ஓடும் ரீஃப் கயிறு அங்கேதான் உரசும்.

முறிந்த வாய்களைச் செங்குத்தாக அறுத்துச் சுத்தமாக்க வேண்டும். மடிப்பு இருக்கும்வரை அறுங்கள். வழக்கமாகப் பக்கத்துக்கு 30 முதல் 50 மில்லிமீட்டர் போகும். பூம் அந்த அளவு குட்டையாகும். அவுட்ஹாலுக்குப் பின்னால் அவ்வளவு இடம் மிச்சம் இருந்தால் அப்படியே விடலாம். இல்லையென்றால் அதே குழாயில் ஒரு வளையம் அறுத்து இடையில் வையுங்கள். அறுத்த முகங்கள் ஒன்றையொன்று முழுவதும் தொட வேண்டும். மேல்பக்க அமுக்கத்தை அந்த முகங்களே நேராகத் தாங்கினால் ரிவெட்டுகளின் பாடு பாதி குறையும்.

நாலு ஸ்டாண்டுகளைச் சமமட்டத்தில் நிறுத்தி, பூம் துண்டுகளை அவற்றில் வைத்து, முதலில் பசையில்லாமல் பொருத்துங்கள். உள்குழாயை ராட்செட் பட்டையால் இறுக்கிச் சுருக்கி முதல் துண்டில் பாதிவரை தள்ளுங்கள், பிறகு இரண்டாவதை ஏற்றுங்கள். காடிக்குள் சரியான பருமனில் ஒரு நீளக் கம்பியை நுழைத்தால் இரண்டு காடிகளும் ஒரே கோட்டில் நிற்கும். கம்பி சிக்காமல் ஓடினால் பாயும் ஓடும். முனைக்கு முனை நூல் பிடித்து மேலேயும் பக்கவாட்டிலும் நேர்மை பாருங்கள்.

இந்த நிலையிலேயே எல்லாத் துளைகளையும் போட்டுவிட வேண்டும். 6.4 மில்லிமீட்டர் மோனல் (நிக்கல்-செம்புக் கலவை) ரிவெட்டுக்கு 6.5 மில்லிமீட்டர் துளை. சுற்றளவில் ஆறு வரிசை, ஒரு வரிசைக்கு ஒரு பக்கம் நாலு, ஆக ஒரு பக்கத்துக்கு 24. பக்கத்துப் பக்கத்து வரிசைகள் ஒரே வளையத்தில் விழாமல் முன்பின்னாக மாற்றிப் போடுங்கள். ஒரே வளையத்தில் ஆறு துளை போட்டால் அது தபால்தலை ஓரம் மாதிரி, அங்கே கிழியும். அறுத்த விளிம்பிலிருந்து துளையின் மையம் குறைந்தது 16 மில்லிமீட்டர் தள்ளி இருக்கட்டும். ட்ரில் முனையில் மண்ணெண்ணெய் தொட்டுக்கொண்டால் அலுமினியம் ஒட்டிக்கொள்ளாமல் சுத்தமாக வெட்டும். இரண்டு மூன்று துளை போட்டதும் தற்காலிக போல்ட் மாட்டிவிடுங்கள், குழாய் நகராது.

பிறகு எல்லாவற்றையும் பிரித்து, ஒவ்வொரு துளையின் பிசிறையும் உள்ளேயும் வெளியேயும் எடுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் விரிசல் பிறப்பது பிசிறில். மண்ணெண்ணெய்ப் பிசுக்கு போக அசிட்டோனால் துடைத்து, ஒட்டும் பரப்புகளை 80 ஆம் எண் உப்புத்தாளால் தேயுங்கள். தேய்த்த அலுமினியத்தில் சில நிமிடங்களிலேயே ஆக்சைடு படலம் மறுபடி படரும். பசை அதன்மேல் ஒட்டினால் நிற்காது. இதற்கு ஒரு தந்திரம்: ஹார்டனர் மட்டும் கலந்த, தூள் எதுவும் சேர்க்காத எபாக்ஸிப் பசையைத் தடவிவிட்டு, அந்த ஈரத்திலேயே உப்புத்தாளால் மறுபடி தேயுங்கள். புது உலோகம் காற்றையே பார்க்காமல் எபாக்ஸிக்குள் திறக்கும். எபாக்ஸி கறுத்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அதன்மேல் சிலிகா தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியைப் பூசிப் பொருத்துங்கள்.

எபாக்ஸி இறுகும் முன் ரிவெட் அடித்து முடித்துவிட வேண்டும், அதனால் இரண்டு பேர் இருப்பது நல்லது. 6.4 மோனல் ரிவெட்டைச் சாதாரணக் கைத்துப்பாக்கியால் இழுக்க முடியாது. நீளக் கைப்பிடி நெம்புகோல் வகையோ காற்றழுத்த வகையோ வேண்டும். ரிவெட்டின் பிடிப்பு நீளம் இரண்டு சுவரும் பசையும் சேர்ந்த தடிமனுக்கு, இந்த உதாரணத்தில் 6 முதல் 7 மில்லிமீட்டருக்கு, ஒத்துவர வேண்டும். ஒவ்வொன்றையும், உலோக அரிப்பைத் தடுக்கும் ட்யூராலாக் பசையில் தொட்டு நுழையுங்கள். அந்த மஞ்சள் பசையில் குரோமேட் இருக்கிறது, கையுறை கட்டாயம். காடி நெடுகக் கசிந்த எபாக்ஸியை உடனே துடைத்து, கம்பியை ஒருமுறை முன்பின் ஓட்டிவிடுங்கள். மறந்தால் காடிக்குள் கல்லாக இறுகிப் பாயைத் தடுக்கும்.

இறுகியதும் பூமைச் செங்குத்தாக நிறுத்தித் தட்டுங்கள். ரிவெட் தண்டுகளின் உதிர்ந்த தலைகள் கலகலவென்று கொட்டும். உள்ளேயே விட்டால் எஃகுத் தலை துருப்பிடிக்கும், அவுட்ஹால் கப்பியிலும் போய் மாட்டும்.

புதுப் பூம் போடுவதென்றால்

அளவுகள் இவை: பாய்மரத்தின் பின்முகத்திலிருந்து பாயின் பின் அடிமூலை வரை பாயை முழுவதும் இழுத்த நீளம், அதற்கு மேல் அவுட்ஹாலுக்கு 100 முதல் 150 மில்லிமீட்டர், குழாயின் உயரம், அகலம், சுவர் தடிமன், கூஸ்நெக் முள்ளின் விட்டம், வாங் மற்றும் ஷீட் இணைப்புகளின் தூரம், ஒவ்வொரு ரீஃப் கண்ணும் பூமில் விழும் இடம். சுவர் தடிமனை முனையில் மட்டும் அளந்தால் ஏமாறுவீர்கள். முறிந்த வாயிலேயே மேல், கீழ், பக்கம் என்று நாலு இடத்தில் காலிப்பரால் அளங்கள்.

பாய்மர உச்சியைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் பேக்ஸ்டே கம்பி இருக்கும் படகில் பூமை நீளமாக்கும் ஆசை வேண்டாம். ஜைப்பில் பூம் மேலே எழும்பும்போது முனை அந்தக் கம்பியில் மாட்டினால் பாய்மரத்துக்கே ஆபத்து.

குழாயைத் தேர்ந்தெடுக்கும்போது அகலத்தைவிட உயரத்தில் ஒரு படி கூடுதலாகப் போவது லாபம். செங்குத்து விறைப்பு உயரத்தோடு மிக வேகமாக ஏறும், எடை கொஞ்சம்தான் ஏறும். நம் உதாரணக் குழாய் மீட்டருக்கு 3.1 கிலோ, காடியும் சேர்த்தால் 3.5 அருகே வரும். செல்டன் போன்ற பாய்மரத் தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு குழாய்க்கும் எடையும் விறைப்பும் அச்சிட்ட அட்டவணை தருகிறார்கள். மேலே போட்ட கணக்கின் திருப்பத்தை அதோடு ஒப்பிடலாம். பழைய பூம் வாங்கினால் அதில் ஏற்கெனவே இருக்கும் துளைகள் எங்கே என்பதுதான் விலையைவிட முக்கியம். உங்கள் வாங் வரும் இடத்துக்குப் பக்கத்தில், கீழ்ப்பக்கத்தில் துளை இருந்தால் வாங்காதீர்கள்.

பழைய முனை வார்ப்புகளை மறுபடி போடலாம், குழாய் அளவு ஒத்துவந்தால். ஆனால் பூம் முறிந்த அதிர்ச்சியில் கூஸ்நெக் வளைந்திருக்கலாம். முள்ளை உருவி, கண்ணாடி மேசையில் உருட்டிப் பாருங்கள். பாய்மரத்தில் கூஸ்நெக் மாட்டிய இடத்தையும் வாங்கின் அடியையும் சுற்றி விரல் நகத்தால் தடவுங்கள். முடியளவு விரிசல் கண்ணுக்குத் தப்பினாலும் நகத்தில் மாட்டும். சாயம் ஊடுருவும் சோதனைத் திரவம் கிடைத்தால் இன்னும் உறுதி.

மரப் பூமானால் இத்தனை சிக்கல் இல்லை. முறிந்த பகுதியை அறுத்து, தடிமனைப் போல 10 அல்லது 12 மடங்கு நீளத்துக்குச் சாய்வாகச் சீவி, அதே மரத்தில் அதே சாய்வில் புதுத் துண்டைச் சேர்த்து எபாக்ஸியில் ஒட்டலாம். கார்பன் பூம் வேறு தொழில். அதைச் செய்து பழகியவர்களிடமே விடுங்கள்.

வாங்கும் ஷீட்டும் மாட்டும் விதம்

ஒட்டினாலும் மாற்றினாலும் இந்த இடத்தில் பழையபடியே மாட்டினால் எல்லா வேலையும் வீண். கீழ்ப்பக்கம் நடுக்கோட்டில் வரிசையாகத் திருகு போட்ட தகடு இருந்ததா? அதை விட்டுவிட்டு, குழாயின் அடியைத் தழுவி இருபக்கமும் ஏறும் வளைந்த தகட்டைப் போடுங்கள். திருகுகள் பக்கச் சுவரில், பாதி உயரத்துக்கு அருகே விழட்டும். செங்குத்து வளைப்பில் அந்த உயரத்தில்தான் தகைவு மிகக் குறைவு. 3 மில்லிமீட்டர் சுவரில் எம்6 மரை வெட்டினால் மூன்றே சுற்றுதான் பிடிக்கும், போதாது. உள்ளே இன்னொரு 3 மில்லிமீட்டர் தகடு வைத்தால் ஆறு சுற்று கிடைக்கும். எம்6 மரைக்கு 5 மில்லிமீட்டர் துளை.

குழாய்க்குக் குறுக்கே போல்ட் போட்டு மாட்டும் வளையம் என்றால், போல்ட்டைச் சுற்றிக் குழாயின் உள் அகலத்துக்குச் சமமான ஒரு சிறு குழாயை உள்ளே வைத்தே இறுக்குங்கள். அது இல்லாமல் இறுக்கினால் சுவர் உள்நோக்கிக் குழிந்து, அந்தக் குழியிலேயே மடியும். ஷீட்டை நடுவில் ஒரே வளையத்தில் மாட்டாமல் இரண்டு மூன்று வளையங்களில் பிரித்தால் சுமை ஒரே புள்ளியில் விழாது. ஸ்டெயின்லெஸ் தகட்டுக்கும் அலுமினியத்துக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் தகடு, ஒவ்வொரு திருகுக்கும் ட்யூராலாக் அல்லது டெஃப்ஜெல்.

ப்ரிவென்டரைப் பூமின் கடைசி முனையில் கட்டி, அணியத்தில் (படகின் முன்முனை) ஒரு கப்பி வழியாகக் காக்பிட்டுக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள். அவசரத்தில் உட்கார்ந்த இடத்திலிருந்தே விடலாம். கொஞ்சம் நீளும் நைலான் கயிறு நல்லது. இடையில் ஒரு மெல்லிய கட்டுக்கயிறைப் போட்டுவைத்தால் பூம் முங்கும்போது அது அறும், பூம் தப்பும்.

முதல் ஓட்டம்

எபாக்ஸி டப்பாவில் போட்டிருக்கும் முழு இறுகல் நேரத்தைக் காத்திருங்கள். குளிரில் அது இன்னும் நீளும். பிறகு துறையில் கட்டியபடியே, பூமைத் தூக்கிப் பிடிக்கும் கயிறான டாப்பிங் லிஃப்ட்டைப் பூமின் கடைசி முனையில் பிடித்துக்கொண்டு ஷீட்டை வின்ச்சால் மெல்ல இறுக்குங்கள். ஒருவர் இறுக்க, இன்னொருவர் ஒட்டுக்கு அருகே காதை வைத்துக் கேட்கட்டும். டிக் டிக் என்ற சத்தம் வந்தால் உள்குழாய் நகர்கிறது, பசை பிடிக்கவில்லை. நூல் பிடித்து வளைவைப் பாருங்கள். தளர்த்தியதும் நேராகத் திரும்ப வேண்டும்.

முதல் சில பயணங்களில் முதல் ரீஃபோடும் லேசான காற்றோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை திரும்பியதும் ரிவெட் தலைகளை வெள்ளைத் துணியால் துடையுங்கள். தலையைச் சுற்றிக் கரும்பொடியோ, தலையிலிருந்து பின்னோக்கி இழுத்த கறுப்புக் கோடோ தெரிந்தால் அந்த ரிவெட் ஆடுகிறது. ஒன்றிரண்டு ஆடினால் அதை எடுத்து ஒரு அளவு பெரியதாக மாற்றலாம். ஒரே பக்கத்தில் நாலைந்து ஆடினால் பாயை இறக்கிவிட்டு உள்குழாயை வெளியே எடுங்கள்.